வெளியே அடக்கிக்கொண்டு வீட்டுக்குள் வந்து சிறுநீர் கழிக்கும் நாய்: வளர்ந்த பிறகு பழக்க முடியுமா?

நீங்கள் எழுதியதன் சாரம் இது. காப்பகத்திலிருந்து ஏறத்தாழ நான்கு வயதுள்ள, கருத்தடை செய்யப்பட்ட பெண் நாயைத் தத்தெடுத்து இரண்டு வாரம் ஆகிறது. முக்கால் மணி நேரம் வெளியே நடத்திக் கூட்டிப் போனாலும் ஒன்றுமே போவதில்லை. திரும்பி வந்து கழுத்துப்பட்டையை அவிழ்த்ததும் ஹாலில் போய்விடுகிறது. யாரோ சொன்னதைக் கேட்டு அதன் மூக்கை ஈரத்தில் அழுத்தித் திட்டிப் பார்த்திருக்கிறீர்கள். இப்போது சோபாவுக்குப் பின்னால் போய் ஒளிந்து செய்கிறது. "இந்த வயதுக்கு மேல் பழக்கம் வருமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தக் கேள்விக்குள் இன்னும் இரண்டு கேள்விகள் இருப்பதாக எனக்குப் படுகிறது: இது வேண்டுமென்றே செய்கிறதா? பேசாமல் திருப்பிக் கொடுத்துவிடலாமா? இரண்டுக்கும் முதலிலேயே பதில் சொல்லிவிடுகிறேன். வேண்டுமென்றே செய்யவில்லை. திருப்பிக் கொடுக்கும் அளவுக்கு இது பெரிய சிக்கலும் இல்லை. வளர்ந்த நாய்கள் பழகுகின்றன. பல நேரங்களில் குட்டிகளைவிடச் சீக்கிரமாகவே.

நான் கால்நடை மருத்துவர். காப்பகத்திலிருந்து வீடுகளுக்குப் போகும் நாய்களைப் பல வருடங்களாகப் பார்த்து வருகிறேன். உங்கள் நாயை நேரில் பார்க்கவில்லை என்பதால், எல்லா நாய்க்கும் பொருந்தும் என்று உறுதியாகத் தெரிந்தது எது, நீங்கள் எழுதியதை வைத்து நான் ஊகிப்பது எது என்று ஆங்காங்கே பிரித்துச் சொல்கிறேன்.

குட்டிக்கும் வளர்ந்த நாய்க்கும் உள்ள முதல் வித்தியாசம் உடலில் இருக்கிறது. இரண்டு மாதக் குட்டிக்கு அடக்கிவைக்கும் திறன் இன்னும் முழுதாக வந்திருக்காது. உடல் நலமாக உள்ள நான்கு வயது நாய்க்கு அது முழுமையாக உண்டு. முக்கால் மணி நேரம் வெளியே நின்றும் அடக்கிக்கொண்டு வீட்டுக்கு வருகிறதே, அதுவே சான்று. அதற்குத் தெரியாதது எங்கே போக வேண்டும் என்பது மட்டும்தான். குட்டிகள் சுமார் மூன்று வாரத்திலேயே படுக்கும் இடத்தைவிட்டுத் தள்ளிப் போய்க் கழிக்கத் தொடங்குகின்றன. எட்டு, ஒன்பது வாரம் ஆகும்போது காலடியில் என்ன தரை இருந்தால் கழிக்கலாம் என்ற பழக்கம் பதியத் தொடங்குகிறது. புல்லில் வளர்ந்தது புல்லைத் தேடும். சிமென்ட் தரையுள்ள அடைப்பில் வருடக்கணக்கில் இருந்த நாய்க்கு வழவழப்பான தரைதான் கழிப்பிடம். உங்கள் ஹாலின் டைல்ஸ் அதற்குத் தப்பான இடமே அல்ல. பழகிய, சரியான இடம்.

இதோடு பயமும் சேர்ந்திருக்கிறது என்பது என் ஊகம். சிறுநீர் கழிக்கும் நேரத்தில் நாய் தற்காப்பு இல்லாத நிலையில் இருக்கிறது. புதுத் தெரு, வண்டிச் சத்தம், வேறு நாய்களின் வாசனை, கழுத்தில் கயிறு, பக்கத்தில் இன்னும் நம்பிக்கை வராத ஒரு மனிதர். இத்தனைக்கும் நடுவில் அதன் உடல் இறுகிப்போயிருக்கும். கதவுக்குள் வந்ததும் இறுக்கம் தளர்கிறது, கூடவே அடக்கியதும் வெளியேறுகிறது. வெளியே வால் கால்களுக்கு நடுவே ஒடுங்கியிருக்கிறதா, காது பின்னால் மடங்கியிருக்கிறதா, வாசம் பிடிக்காமல் தலையை நிமிர்த்திச் சுற்றிச் சுற்றிப் பார்க்கிறதா என்று கவனியுங்கள். ஆம் என்றால் என் ஊகம் சரியாக இருக்க வாய்ப்பு அதிகம்.

ஆனால் பயிற்சி பற்றிப் பேசுவதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது: சிறுநீர்ப் பரிசோதனை. இதை நான் யாருக்கும் விட்டுக்கொடுத்துச் சொல்வதில்லை. சிறுநீர்த் தொற்றோ சிறுநீர்ப்பையில் கல்லோ இருக்கும் நாயை எவ்வளவு பொறுமையாகப் பழக்கினாலும் பயன் இல்லை. வலியில் துடிக்கும் உடலுக்குப் பாடம் ஏறாது. அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகப் போவது, முக்குவது, போன இடத்தை நக்கிக்கொண்டே இருப்பது, இளஞ்சிவப்பு நிறம் ஆகியவை தொற்றின் அல்லது கல்லின் அடையாளங்கள். தண்ணீர் குடிக்கும் அளவையும் ஒரு நாள் முழுக்க அளந்து பாருங்கள். 24 மணி நேரத்தில் உடல் எடையில் கிலோவுக்கு 100 மில்லிக்கு மேல், அதாவது 15 கிலோ நாய் ஒன்றரை லிட்டருக்கு மேல் குடித்தால் அது இயல்பு அல்ல. நீரிழிவு, சிறுநீரகக் கோளாறு, அட்ரினல் சுரப்பிக் கோளாறு என்று தேடிப் பார்க்க வேண்டும். காப்பகத்திலிருந்து வரும் நாய்களுக்குத் தோல் அரிப்புக்காக ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்திருப்பது சகஜம். அந்த மாத்திரை தாகத்தையும் சிறுநீரையும் கூட்டும். கையில் கொடுத்த மருந்துச் சீட்டை ஒருமுறை பாருங்கள். அப்படி இருந்தால் மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்; டாக்டரிடம் கேட்டு அளவைக் குறைப்பதுதான் முறை.

கருத்தடை செய்த பெண் நாய் என்பதால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஈஸ்ட்ரோஜன் குறைவதால் சில பெண் நாய்களுக்குச் சிறுநீர்க் குழாயை மூடிவைக்கும் தசை தளர்ந்துவிடும். அறுவை நடந்து பல மாதங்கள், ஏன், வருடங்கள் கழித்தும் இது வரலாம். பெரிய உடல்வாகுள்ள நாய்களில் அதிகம். அடையாளம் எளிது: தூங்கி எழுந்த இடத்தில் ஈரம் இருக்கும், தனக்கு ஒழுகியதே நாய்க்குத் தெரியாது. இதற்கு மருந்து இருக்கிறது, பெரும்பாலான நாய்களுக்கு நன்றாகவே கேட்கிறது. உங்கள் நாய் நின்று, குந்தி, தெரிந்தேதான் போகிறது என்று நீங்கள் எழுதியதிலிருந்து புரிகிறது. ஆனாலும் படுக்கையை ஒருமுறை தடவிப் பாருங்கள். பரிசோதனைக்குக் காலையில் முதலில் போகும் சிறுநீர் நல்லது. கோலில் கட்டிய கரண்டியையோ தட்டையான கிண்ணத்தையோ பின்பக்கமாக நீட்டினால் நாய் மிரளாது. சுத்தமான குப்பியில் ஊற்றி இரண்டு மணி நேரத்துக்குள் கொடுங்கள். முடியாவிட்டால் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். வீட்டுக்குள்தான் போகிறது என்றால் அங்கேயே பிடித்துக்கொள்ளலாம், அதில் தவறில்லை. நாள் முழுக்கச் சிறுநீரே போகாமல் இருந்தாலோ, முக்கி முக்கித் துளிகூட வரவில்லை என்றாலோ காத்திருக்காதீர்கள், அது அவசர நிலை.

பரிசோதனையில் ஒன்றும் இல்லை என்று வந்தபிறகு, எந்த வகை என்று பார்க்க வேண்டும். பெரிய குட்டை போலத் தேங்கினால் அது பையைக் காலி செய்வது. சுவர், நாற்காலிக்கால், திரைச்சீலை என்று செங்குத்தான பரப்பில் கொஞ்சமாகத் தெளித்திருந்தால் அது எல்லைக் குறியிடுதல். ஆண் நாய்களில் அதிகம், பெண் நாய்களும் செய்யும். நீங்கள் குனிந்து தடவும்போதோ உரத்துப் பேசும்போதோ உடலைத் தாழ்த்திச் சொட்டினால் அது பணிவின் அடையாளம். அதைத் திட்டினால் இன்னும் கூடும், கண்ணை நேராகப் பார்க்காமல் பக்கவாட்டில் உட்கார்ந்து மெல்லப் பழகினால் தானாகக் குறையும். நீங்கள் வெளியே போயிருக்கும்போது மட்டும் நடந்தால், கூடவே கதவைப் பிறாண்டியிருந்தால், தனிமைப் பதற்றமாக இருக்கலாம். பழைய கைபேசி ஒன்றில் காணொளி எடுத்து வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். உங்களுடையது முதல் வகை என்றே நினைக்கிறேன், ஆகவே மேற்கொண்டு சொல்வது அதற்கானது.

இனி அந்த மூக்கை அழுத்தும் விஷயம். தயவுசெய்து இன்றோடு நிறுத்திவிடுங்கள். உங்களைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அந்த அறிவுரை எல்லா ஊரிலும் தலைமுறை தலைமுறையாகச் சுற்றுகிறது. அதனால் நாய் கற்றுக்கொள்வது என்ன என்பதைப் பாருங்கள்: "மனிதர் இருக்கும்போது சிறுநீர் கழித்தால் ஆபத்து." ஹாலில் போகக்கூடாது என்பதை அது கற்கவில்லை. அதனால்தான் சோபாவுக்குப் பின்னால் போகிறது. அதே காரணத்தால்தான் வெளியே நீங்கள் கயிற்றைப் பிடித்துப் பக்கத்தில் நிற்கும்போதும் போகாமல் இருக்கிறது. தண்டனை உங்கள் சிக்கலை இரண்டு பக்கமும் இறுக்கிவிட்டது. "தப்பு செய்தது அதற்கே தெரிகிறது, முகத்தைப் பார்த்தாலே தெரியும்" என்று எழுதியிருந்தீர்கள். நாய்களின் அறிவாற்றலை ஆராயும் அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ் 2009இல் 14 நாய்களை வைத்துச் செய்த ஆய்வு சரியாக இதைத்தான் சோதித்தது. தின்னக்கூடாது என்று சொல்லி வைத்த தின்பண்டத்தைத் தின்ற நாயா தின்னாத நாயா என்பதற்கும் அந்தக் குற்ற முகத்துக்கும் தொடர்பு இல்லை. உரிமையாளர் திட்டினாரா என்பதற்கும் முகத்துக்கும்தான் தொடர்பு இருந்தது. தின்னாமலே திட்டு வாங்கிய நாய்கள் இன்னும் அதிகமாகக் குற்ற முகம் காட்டின. நீங்கள் பார்ப்பது உங்கள் குரலுக்கும் நடைக்கும் அது காட்டும் பயம்.

சுத்தம் செய்வதைப் பற்றி நிறையப் பேர் நீளமாக எழுதுவார்கள், நான் சுருக்கமாக முடித்துக்கொள்கிறேன். வளர்ப்புப் பிராணிகளின் கறைக்கென்றே விற்கும் என்சைம் கரைசலை வாங்கி, போத்தலில் சொன்ன நேரம்வரை ஊறவிடுங்கள். உடனே துடைத்துவிட்டால் அது வேலை செய்யாது. அமோனியா கலந்த திரவம் வேண்டாம், அதன் வாசம் சிறுநீரை ஒத்தது. சிறுநீர்மேல் பிளீச் ஊற்றாதீர்கள், அதிலிருந்து எழும் வாயு நுரையீரலுக்குக் கெடுதல். காப்பக நாய்களின் சிறுநீரில் மனிதருக்கும் தொற்றக்கூடிய லெப்டோஸ்பைரா கிருமி இருக்க இடமுண்டு என்பதால் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். பழைய கறைகளை இருட்டில் புற ஊதா டார்ச் காட்டிக் கண்டுபிடிக்கலாம். சோபாவுக்குப் பின்னால் முதலில் பாருங்கள்.

பழக்கும் முறைக்கு அடிப்படை ஒன்றே ஒன்று: தவறான இடத்தில் போகும் வாய்ப்பை அனேகமாக இல்லாமல் ஆக்குவது, சரியான இடத்தில் போகும் வாய்ப்பைப் பலமடங்கு கூட்டுவது. இப்போது உங்கள் வீட்டில் நடப்பது தலைகீழ். நாளுக்கு இரண்டு நீண்ட நடை, மற்ற நேரம் வீடு முழுக்க விடுதலை. நடையைக் குறைத்து, வெளியே போகும் தடவைகளைக் கூட்டுங்கள். காலை எழுந்ததும், இரு வேளைச் சாப்பாட்டுக்குப் பிறகும், தூங்கி எழுந்தபோதெல்லாம், விளையாடி முடித்ததும், இரவு படுக்கும் முன்பும். இடையில் முதல் சில நாள் இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை. சாப்பாட்டை நேரம் வைத்துக் கொடுங்கள், இருபது நிமிடத்தில் தட்டை எடுத்துவிடுங்கள். வயிறு நிறையும்போது குடல் அசையத் தொடங்குவது உடலின் இயல்பு, ஆகவே சாப்பிட்டுப் பதினைந்து முதல் முப்பது நிமிடத்தில் மலம் கழிக்க வாய்ப்பு அதிகம். தண்ணீரை மட்டும் கட்டுப்படுத்தாதீர்கள். அது பழக்கத்துக்கும் உதவாது, உடலுக்கும் நல்லதல்ல.

ஒவ்வொரு முறையும் ஒரே இடத்துக்குப் போங்கள். வீட்டுக்குப் பக்கத்தில், சத்தம் குறைந்த, பிற நாய்கள் அதிகம் வராத மூலை. அங்கே போய் நின்றுவிடுங்கள். நடக்காதீர்கள், பேசாதீர்கள், அதையே உற்றுப் பார்க்காதீர்கள். உங்கள் நாய்க்குக் கொஞ்சம் தனிமை தேவைப்படுகிறது, அதனால் மூன்று முதல் ஐந்து மீட்டர் நீளக் கயிறு வாங்கி, நீங்கள் முதுகைக் காட்டி நில்லுங்கள். வீட்டுக்குள் அது போன ஈரத்தை ஒரு துணியில் ஒற்றி அந்த மூலையில் தேய்த்து வைப்பது உதவும். வழவழப்பான தரைதான் பழக்கம் என்று நிச்சயமானால், முதலில் வெளியே உள்ள சிமென்ட் தரையில் போகவிட்டு, பின்பு அதன்மேல் மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பரப்பி, மெல்ல மண்ணுக்கு மாற்றலாம். புல்லில் போனால்தான் பழக்கம் என்று ஒரு விதியும் இல்லை.

ஐந்து, பத்து நிமிடம் நின்றும் போகவில்லையா? திரும்பி வாருங்கள். எல்லோரும் கோட்டைவிடும் கட்டம் இதுதான். வந்ததும் கயிற்றை அவிழ்க்காதீர்கள். கயிற்றின் நுனியை உங்கள் இடுப்பில் கட்டிக்கொண்டு உங்கள் வேலையைப் பாருங்கள். பதினைந்து இருபது நிமிடம் கழித்து மறுபடி அதே மூலை. இப்படிப் போய் வந்துகொண்டே இருந்தால் ஒரு கட்டத்தில் பை நிறைந்து, பயத்தை மீறி, வெளியே போய்விடும். அந்த முதல் தடவைதான் கதவு திறக்கும் தருணம். அது முடித்த ஒன்றிரண்டு விநாடிக்குள், அந்த இடத்திலேயே, அதற்கு மிகவும் பிடித்த தின்பண்டத்தைக் கொடுங்கள், மெல்லிய குரலில் பாராட்டுங்கள். வீட்டுக்கு வந்து கொடுத்தால் வீட்டுக்கு வந்ததற்கான பரிசு என்றுதான் நாய் எடுத்துக்கொள்ளும். போகும்போதே இடையில் ஆரவாரமாகப் பாராட்டினால் பாதியில் நிறுத்திவிட்டு உங்களிடம் ஓடி வரும். மீதி ஹாலில் போகும். முடித்த உடனே வீட்டுக்குத் திருப்பிக் கூட்டிவந்துவிடாதீர்கள். வாசம் பிடித்துக்கொண்டு கொஞ்சம் சுற்றட்டும். போனால் நடை முடிந்துவிடும் என்று புரிந்துகொண்ட நாய், நடை நீளட்டும் என்று அடக்கிவைக்கும். உங்களுடைய முக்கால் மணி நேரத்தில் இதற்கும் ஒரு பங்கு இருக்கலாம். சில நாள் ஆனதும், குந்தத் தொடங்கும் நேரத்தில் ஏதாவது ஒரு சொல்லைத் தினமும் சொல்லிவந்தால், பின்னால் அவசரத்தில் அந்தச் சொல்லே வேலை செய்யும்.

வீட்டுக்குள் இருக்கும் நேரத்தில் மூன்று நிலைதான்: இடுப்பில் கட்டிய கயிறு, உங்கள் கண் பார்வை, அல்லது ஒரு சிறிய அடைப்பு. வட்டமடிப்பது, தரையை முகர்ந்துகொண்டே போவது, விளையாட்டை விட்டுவிட்டு அறை மூலையை நோக்கி நடப்பது தெரிந்தால் உடனே வெளியே. நடுவில் பிடித்துவிட்டால் மெல்லக் கூப்பிட்டு வெளியே அழைத்துப் போங்கள். அது உடலைக் கூனிக்கொண்டால் அதுவும் வேண்டாம், முடிக்க விட்டுவிட்டு, அது வேறு அறையில் இருக்கும்போது துடையுங்கள். கூண்டு பற்றி: தன் படுக்கையை அசுத்தமாக்க விரும்பாத நாய்க்குக் கூண்டு உதவும். நிற்க, திரும்ப, நீட்டிப் படுக்க மட்டும் இடம் உள்ள, கதவு பெரும்பாலும் திறந்தே இருக்கும் கூண்டு. பகலில் நான்கு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். ஆனால் அடைபட்டே வளர்ந்து, படுத்த இடத்திலேயே கழிக்க வேண்டிவந்த நாய்களுக்கு அந்தக் கூச்சம் போயிருக்கும். வேறு சில, கூண்டைப் பார்த்தாலே மூச்சிரைத்துக் கம்பியைக் கடிக்கும். இந்த இரண்டில் ஒன்று என்றால் கூண்டை மறந்துவிட்டு, சிறுபிள்ளைகளுக்குப் போடும் தடுப்புக் கதவை ஓர் அறைக்குப் போடுங்கள். இரவில் அதை உங்கள் படுக்கையறையிலேயே படுக்கவைத்தால் எழுந்து நடமாடுவது உங்களுக்குக் கேட்கும்.

உறுதி குறைந்த செய்திகளையும் தனியாகச் சொல்கிறேன். புது வீட்டுக்கு நாய் பழகுவதற்கு முதல் மூன்று நாள், மூன்று வாரம், மூன்று மாதம் என்று காப்பகங்களில் சொல்லும் கணக்கு ஆய்விலிருந்து வந்தது அல்ல, அனுபவத்தில் உருவான தோராயம். இரண்டு வாரம் என்பது ஆரம்பம்தான் என்று நினைவூட்டும் அளவுக்குப் பயன்படும், கெடுவாக வைத்துக்கொள்ள வேண்டாம். ஆண் நாய்க்குக் கருத்தடை செய்தால் குறியிடுதல் பலவற்றில் குறைகிறது, எல்லாவற்றிலும் நிற்பதில்லை. கதவில் மணி கட்டி அடிக்கப் பழக்குவது சில வீடுகளில் அழகாக வேலை செய்கிறது. சில நாய்கள் வெளியே விளையாடப் போகவும் அதையே அடிக்கும். சிறுநீரை உறிஞ்சிக்கொள்ள வீட்டுக்குள் விரிக்கும் பேட், மாடிக் குடியிருப்பில் வசிப்பவர்களுக்கும் வயதான நாய்களுக்கும் நல்ல ஏற்பாடுதான். ஆனால் வெளியே போகப் பழக்குவதே குறிக்கோள் என்றால், வீட்டுக்குள் போவதும் சரி என்ற பாடத்தை அது நீட்டிக்கும். உங்கள் வீட்டுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

எவ்வளவு நாள் ஆகும்? பயம் பெரிதாக இல்லாத வளர்ந்த நாய்கள் இந்த ஒழுங்குக்குள் வந்தபின் சில வாரங்களில் பிடித்துக்கொள்வதைப் பார்க்கிறேன். உங்களுடையது பயந்த நாய், மேலும் தண்டனையின் நினைவும் இருக்கிறது, அதனால் கூடுதலாக ஓரிரு மாதம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு அறையில் மூன்று நான்கு வாரம் சுத்தமாக இருந்தபின் அடுத்த அறையைத் திறந்துவிடுங்கள். மழை, இடி, வெடிச் சத்தம், விருந்தாளிகள், வீடு மாறுதல் ஆகியவற்றால் இடையில் சறுக்கும். அப்போது சில நாள் பழைய அட்டவணைக்குத் திரும்பினால் சரியாகிவிடும். முழுக்கப் பழகியிருந்த நாய் காரணமே தெரியாமல் திடீரென்று மறுபடி தொடங்கினால் பயிற்சியைத் தேடாதீர்கள், மறுபடி சிறுநீரைப் பரிசோதியுங்கள்.

ஒரு நோட்டில் சாப்பிட்ட நேரம், வெளியே போன நேரம், எங்கே போனது, எவ்வளவு என்று எழுதி வாருங்கள். ஒரு வாரத்தில் அதன் உடல் கடிகாரம் உங்களுக்கே தெரியவரும், வெளியே போகும் தடவைகளை அதற்கேற்ப மாற்றிக்கொள்ளலாம். ஒரு மாதம் இப்படி நடத்தியும் வெளியே ஒருமுறைகூடப் போகவில்லை, அல்லது வாசலைத் தாண்டும்போதே உடல் நடுங்குகிறது என்றால், அந்த நோட்டோடும் வாசலில் எடுத்த காணொளியோடும் நடத்தைச் சிக்கல்களைப் பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் போங்கள். அப்போது நாம் சரிசெய்ய வேண்டியது பயத்தை. அதற்குச் சில மாதம் மருந்து கொடுத்துக்கொண்டே பழக்கும் வழிகள் இருக்கின்றன. சிறுநீர்ப் பரிசோதனை முடிவு வந்ததும் இங்கே எழுதுங்கள், அதைப் பார்த்துவிட்டு அடுத்ததைச் சொல்கிறேன்.